உன் அட்டவணையில் நம் வீட்டு அடுப்பு

மகனுக்கு,

உன் புத்தகம் போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. கூடவே இருந்த கடிதத்தையும் படித்தேன். அம்மாவின் மூன்றாம் வருடத் திவசத்துக்கு வருவதாகவும், திவசம் முடிந்த மறுநாள் பிள்ளையார்பாளையம் பள்ளிக்கூடத்தில் நம் தெருக்காரர்களைக் கூட்டி, புத்தகத்தின் முன்னுரையைத் தமிழில் வாசிக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். "முன்னுரையில அம்மா இருக்குது நைனா, முதல்ல அதைப் படி" என்று ஓரத்தில் பேனாவால் கோடு வேறு போட்டிருக்கிறாய். அதைத்தான் முதலில் படித்தேன். படித்ததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நாம் இருவரும் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வரும், நான் வைத்துவிடுவேன். இது நீ குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்க வேண்டிய விஷயம்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். சாயம் போடுவதையும் யாரிடமும் கைகட்டி நின்று கற்கவில்லை, இங்கிலீஷையும் அப்படிக் கற்கவில்லை. சாய டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை அகராதி வைத்துப் படித்துப் படித்தே இரண்டும் வந்தன. அதே அகராதியை வைத்துக்கொண்டு உன் புத்தகத்தை நான்கு நாள் படித்தேன். வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் சமைக்கவும் குளிர் காயவும் எரிப்பதால் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு மீத்தேன் வானத்துக்குப் போகிறது என்று நாடு நாடாகப் பிரித்து அட்டவணை போட்டிருக்கிறாய். கட்டடங்கள் என்று அதற்குத் தலைப்பு. பக்கத்தில் படமும் இருக்கிறது, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் அளவுக்கு உயரமாக ஒரு கட்டை நிற்கிறது. நம் நாட்டின் கட்டை எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். அதன் காலடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த நாட்டின் விறகுக் கணக்கு வீடு வீடாகப் போய்க் கேட்ட பதில்களை நம்பிப் போடப்பட்டது என்று அர்த்தம் வருகிறது. அந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டேன். அந்த வீடுகளில் ஒன்று நம்முடையது. அங்கே பதில் சொன்னவன் நான்.

உன் முன்னுரையில் நீ எழுதியிருப்பதை இங்கே திருப்பி எழுதுகிறேன். உனக்கு அது வேறு எவனோ எழுதியதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக. நெசவு ஊர் ஒன்றில் ஒரு வீட்டில் உன் சிறு வயது முழுவதும் சமையலறைச் சுவர் கறுப்பாக இருந்தது. விறகு சரியாக எரியாமல் புகையும்போது பிறக்கும் மீத்தேனைப் பற்றி நீ கல்லூரியில் படித்தபோது அந்தச் சுவர்தான் உன் கண் முன் வந்தது. பிறகு அந்த வீட்டுக்கு கேஸ் வந்தது. அடுத்த முறை நீ ஊருக்குப் போனபோது சுவர் வெள்ளையாக இருந்தது. ஒரு நாட்டின் கட்டை உயரம் குறைவது என்றால் ஒரு வீட்டில் ஒரு சுவர் வெளுப்பதுதான். இப்படி எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரு வரிகூட உண்மையில்லை.

கேஸ் வந்தது உண்மை. பெயர் கொடுத்துவிட்டு நாம் வருடக்கணக்காகக் காத்திருந்தோம், தொண்ணூறுகளின் நடுவில் நம் முறை வந்தது. நீ அப்போது டெல்லியில் மேற்படிப்பில் இருந்தாய். அடுப்பை நீதான் வாங்கி அனுப்பினாய், உன் உதவித்தொகையில். சிலிண்டரை மாட்டிவிட்டுப் போனவன் அம்மாவுக்கு எப்படிப் பற்றவைப்பது என்று காட்டினான். நீல நிறத்தில் எரிந்தது. அம்மா அதன் மேல் கையை வைத்து எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தாள். "கரியே ஒட்டலியே" என்றாள். அன்று அதில் பால் காய்ச்சினாள். மறுநாளும் காய்ச்சினாள். மூன்றாம் நாள் நான் அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில் இருந்த சாயக் கொட்டகைக்குப் போனேன்.

ஏன் என்று கேட்பாய். அந்த வாரம் ஒரு முகூர்த்தப் பட்டுக்கான வெள்ளை நூல் என்னிடம் வந்திருந்தது. பட்டு நூலை அதன் பிசின் போக வேகவைக்கும்போது விறகுப் புகையிலிருந்து கரித்துகள் பறந்து வந்து நூலில் உட்காரும். சிவப்பிலும் அரக்கிலும் அது தெரியாது. வெள்ளையிலும் சந்தன நிறத்திலும் இளம் ரோஜாவிலும் கொசு உட்கார்ந்ததுபோலத் தெரியும். இருபது வருடமாக அந்தத் துகளோடு மல்லுக்கட்டியவன் நான். ஈரத்துணி கட்டிப் பார்த்தேன், கொட்டகைக் கூரையை உயர்த்திப் பார்த்தேன். புகையே இல்லாத ஒரு நெருப்பு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பால் காய்ச்சிக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பர்னரைக் கழற்றித் துளையை நானே பெரிதாக்கினேன். அண்டாவை ஏற்றினேன். அன்று வெந்த நூலைப் போல ஒரு வெள்ளையை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. கழியில் மாட்டி வெயிலில் உலர்த்தியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் பார்த்தாள். "மல்லிப்பூ மாதிரி இருக்குது" என்றாள். பிறகு கேட்டாள்: "நூலு வெந்தப்புறம் ஒரு வேளை சோறு வச்சிக்கட்டுமா இதுல?"

வேண்டாம் என்றேன். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வர மாதக்கணக்கு ஆகும், பாதி நூல் வெந்துகொண்டிருக்கும்போது நெருப்பு நின்றால் அத்தனையும் வீண் என்றேன். நான் சொன்னது தொழில்முறையில் சரிதான். இன்றைக்கும் சரிதான். அவள் மறுபடி கேட்கவில்லை. எனக்கு அது அப்போது சௌகரியமாக இருந்தது.

ஜரிகை வியாபாரம் செய்யும் காதர் பாயை உனக்கு நினைவிருக்கும். வெள்ளை நூலைப் பார்க்க வந்தவர் கொட்டகையில் கேஸ் அடுப்பைப் பார்த்தார். உள்ளே சமையலறையில் புகை மண்டிக்கிடப்பதையும் பார்த்தார். அவர் வாய் சும்மா இருக்காது.

"இன்னா மேஸ்திரி, பட்டுக்கு கேஸு, தங்கச்சிக்கு விறகா? எந்த ஊரு நியாயம் இது?"

"பட்டு பேசாது பாய். அத நாமதான் பாத்துக்கணும்."

"தங்கச்சி மட்டும் பேசிக்கினா இருக்குது?" என்றார். உள்ளேயிருந்து அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. சிரிப்பு இருமலில் முடிந்ததும் கேட்டது. இரண்டு மாதம் பாயோடு நான் முகம்கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டு நியாயம் கேட்க இவர் யார் என்றுதான் எனக்கு இருந்தது.

இப்போது சுவருக்கு வருகிறேன். நீ வருவதாகக் கடிதம் போட்டால் அம்மா முதலில் சுண்ணாம்பு ஊறவைப்பாள். நீ ரயில் ஏறும் நாளில் சமையலறைச் சுவருக்கு இரண்டு பூச்சு அடித்திருப்பாள். விறகு அடுப்பைச் சாணம் போட்டு மெழுகி அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு அரிசி மூட்டையை ஏற்றிவிடுவாள். நான் கொட்டகையில் வேலையை நிறுத்தி, பழைய பர்னரை மாட்டி, கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து மேடையில் வைப்பேன். நீ இருக்கும் ஐந்து நாளோ ஆறு நாளோ அவள் அதில் சமைப்பாள். உனக்கு நின்றுகொண்டு தோசை வார்த்துப் போடுவாள். நீ போன மறுநாள் அரிசி மூட்டை இறங்கும். இதைச் செய்யச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை. செய்யாதே என்றும் சொன்னதில்லை. முதல் தடவை அவள் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றபோது என்ன இது என்று கேட்டேன். "புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது. எங்கடான்னு கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க?" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அவள் சுவரை வெளுத்தாள். நீ அதைப் புத்தகத்தில் போட்டிருக்கிறாய்.

நீ கேள்வித்தாள் கட்டோடு வந்த கோடை விடுமுறையை நினைத்துப் பார். உன் ஆராய்ச்சிக்காக இந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினாய். முதல் வீடு நம் வீடாக இருக்கட்டும் என்று என் எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்தாய். சமையலுக்கு என்ன எரிபொருள் என்று கேட்டாய். கேஸ் என்றேன். வேறு ஏதாவது என்றாய். சாயத்துக்கு விறகு என்றேன். சாயம் தொழில் கணக்கில் போய்விடும், இதில் வராது என்று சொல்லி அந்தக் கட்டத்தை அடித்தாய். ஆக, பட்டுக்கு எரிந்த கேஸ் வீட்டுக் கணக்கில் ஏறியது. வீட்டில் எரிந்த விறகு தொழில் கணக்கில் போய், அங்கிருந்தும் காணாமல் போனது. அப்போது அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நீ அவளையும் கேட்டாய்.

"இன்னாமா, கேஸ்லதானே சமைக்கிற? விறகே இல்லியே?"

"உங்க நைனா சொல்றத எழுதிக்கோபா."

"விறகுப் புகையில கண்ணுக்குத் தெரியாம ஒரு வாயு போகுதுமா. மீத்தேன்னு பேரு."

"கண்ணுக்குத் தெரியிறதே போதும்பா எனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். கேஸ் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை. அந்தத் தாளின் கடைசியில் பதில் அளித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. குடும்பத் தலைவர் என்று எழுதினாய்.

உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. கேஸ் வந்து இத்தனை வருடம் கழித்தும் அம்மாவின் நுரையீரல் ஏன் அப்படி ஆனது, நான் எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ கவனிக்காமல் விட்டது ஒன்றுமில்லை. உன்னைக் கவனிக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரும் கேட்டார். வீட்டில் விறகு அடுப்பா என்று அவளிடம்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, கேஸ்தாங்க, பையன் வாங்கிக் கொடுத்தது என்றேன். டாக்டர் யோசித்துவிட்டு, பீடி சுருட்டுப் பழக்கம் உண்டா என்று கேட்டார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சாயத்தின் ஆவியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பீடி குடிக்கிறேன்னு சொல்லியிருந்தாகூடப் பொருத்தமா இருந்திருக்கும்." அதன் பிறகாவது அடுப்பை மாற்றினேனா என்று கேள். மாற்றினேன். அவளால் எழுந்து சமைக்க முடியாமல் போன பிறகு மாற்றினேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, விறகு ஊதி எரிக்கத் தெரியாது, அதனால் மாற்றினேன். படுத்தபடியே அவள் அந்த நீல நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "சின்னதா வைங்க, தீஞ்சிடப்போவுது" என்பாள். நாற்பது நாள் அதில் கஞ்சி வைத்தேன்.

அவள் போன பிறகு என்னை ஹாலந்துக்கு அழைத்துப்போனாய். மூன்று வாரம் உன் வீட்டில் இருந்தேன். சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு நெருப்பு, அது வீடு முழுவதையும் சூடாக்குகிறது, குளிக்க வெந்நீர் தருகிறது. அதன் எதிரில் யாரும் குந்தியிருக்கவில்லை. அந்தக் குழாயில் வருவதே மீத்தேன்தான், தெருவுக்கு அடியில் எங்கேயோ கசியவும் செய்கிறது என்று நீ சொன்னாய். நம் நாட்டில் அடுப்பில் பிறப்பது, இவர்கள் நாட்டில் குழாயில் கசிவது, இரண்டையும் ஒரே கட்டத்தில் எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். வாயு ஒன்றுதானே நைனா, வானத்துக்கு வித்தியாசம் தெரியாது என்றாய். நான் விடவில்லை. இங்கே கசிவதை ஒருவரும் மூச்சில் இழுப்பதில்லை, அங்கே பிறப்பது ஒருத்தியின் மூக்கு வழியாகத்தான் வானத்துக்குப் போகிறது, இது என்ன கணக்கு என்று உன் மனைவி எதிரில், உன் அலுவலக நண்பர்கள் சாப்பிட வந்திருந்த அன்று சத்தம் போட்டேன். நீ முகம் சிவந்து, உனக்குத் தெரியாது நைனா, விட்டுடு என்றாய். அந்த வார்த்தைக்காக நான் இந்த இரண்டு வருடமும் உன்மேல் வருத்தம் வைத்திருந்தேன். இன்றும் சொல்கிறேன், நான் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் அதை ஏன் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். உன் அட்டவணையைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும்வரை வேறு எதையும் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகத்தை மூடிய அன்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நம் தெருவில் இறங்கினேன். நீ போன அதே வீடுகள். நீ வாசல் வழியாகப் போய் ஆண்களைக் கேட்டாய், நான் கொல்லைப் பக்கமாகப் போய்ப் பெண்களைக் கேட்டேன். இந்த வயதில் எனக்கு அதில் வெட்கமில்லை. உன் தாளில் கேஸ் என்று இருக்கும் வீடுகளில் கேஸ் இருக்கிறது. காபிக்கு இருக்கிறது, விருந்தாளிக்கு இருக்கிறது. சோறும் வெந்நீரும் இன்றைக்கும் வேலிக்காத்தான் விறகில்தான். ஐப்பசி மழையில் நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள் மூன்றாம் வீட்டு மருமகள். அவள் கேட்டாள்: "இதெல்லாம் எதுக்கு மேஸ்திரி இப்ப எழுதுறீங்க?"

"என் பையன் புத்தகத்துல தப்பு இருக்குது. திருத்தணும்."

உள்ளேயிருந்து அவள் மாமியார் குரல் கொடுத்தாள். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குச் சிநேகிதி இவள். "அக்கா இருந்தப்ப ஒருநாள் கேட்டு எழுதியிருக்கலாமே மேஸ்திரி. அது சுண்ணாம்பு அடிக்கக்கூட எங்க வூட்டு சட்டியத்தான் வாங்கிக்கினு போவும்."

அந்தத் தெருவில் அத்தனை பெண்களுக்கும் தெரியும். எப்போதும் தெரியும். திவசத்துக்கு மறுநாள் நீ பள்ளிக்கூடத்தில் மைக்கைப் பிடித்து, சுவர் வெளுத்த கதையை வாசிக்கும்போது அவர்கள் எதிரில் உட்கார்ந்து தலை குனிந்துகொள்வார்கள். உனக்காக. என் மகன் ஊர் எதிரில் அப்படி நிற்பதை நான் பார்க்கமாட்டேன்.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ திவசத்துக்கு வருவாயா என்று எனக்குத் தெரியாது. வராமல் போனால், ஏன் என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, எள்ளும் தண்ணீரும் நானே விடுகிறேன். மன்னித்துவிடு என்று எழுத இரண்டு முறை பேனாவை எடுத்தேன். அவளிடம் கேட்காததை உன்னிடம் கேட்டு வாங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பத்தியை எடு. எடுத்த இடத்தைக் காலியாக விடாதே. பட்டில் கரி விழாமல் இருக்க ஒருவன் தன் மனைவியைக் கரியில் உட்காரவைத்தான் என்று எழுது. அவன் உன் நைனா என்றும் எழுது. வாசல் வழியாகக் கேட்ட பதில்களை வைத்து ஒரு நாட்டின் கட்டையை வரைந்திருக்கிறாய், கொல்லைப் பக்கமாகப் போய் மறுபடி கேட்கச் சொல் உன் ஆட்களை. என் நோட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பதில்கள் நேராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதை வாசி. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன்.

இன்னும் ஒன்று. சமையலறைச் சுவருக்கு அவள் போன பிறகு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. வெள்ளை உரிந்து, உள்ளே இருப்பது ஒவ்வொரு பூச்சாகத் தெரிகிறது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நீ எத்தனை முறை ஊருக்கு வந்தாய் என்று அதில் எண்ணிவிடலாம். வந்தால் பார்த்துக்கொள்.

நம் வீட்டுத் தாள் உன்னிடம் இன்னும் இருக்கும். நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அதை எடுத்து வைத்துக்கொள். உங்க நைனா சொல்றத எழுதிக்கோபா என்று உன் அம்மா சொன்னாள், நீயும் எழுதிக்கொண்டாய். இப்போதும் நான்தான் சொல்கிறேன். கேஸ் என்று இருப்பதை அடித்துவிட்டு எழுதிக்கொள்: விறகு.

உன் நைனா